சந்தைக்குப் போய்வந்த நாளில் வீட்டிலேயே பேக்கிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் சந்தைக்குப் போய்ப் பழமும் முட்டையும் வெண்ணெயும் வாங்கி வந்து, பொழுது சாய்வதற்குள் ஒரு கேக்கையும் ஒரு பிரெட்டையும் வீட்டு ஓவனிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. அப்படிப்பட்ட ஒரு நாளில் எதை எப்போது செய்ய வேண்டும், ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதே இங்கே பேசப்படுகிறது. அந்த நாள் மகிழ்ச்சியாகக் கழிவதும் அலுப்பில் முடிவதும் கைத்திறனைவிட வேலைகளின் வரிசையைப் பொறுத்தது என்பது என் கருத்து; ஆகவே வரிசையைப் பற்றிய பேச்சு இதில் சற்று மிகுதியாகவே இருக்கும்.

சந்தை, கேக், பிரெட் என மூன்றையும் ஒரே நாளில் முடிக்க இயலுமா?

இயலும், ஆனால் பிரெட்டின் நேரக் கணக்கை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். மாவு பிசைய 15 நிமிடம், முதல் முறை உப்ப ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், உருட்டி டின்னில் வைத்தபின் மறுபடி உப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம், வேக 35 நிமிடம், ஆற இன்னும் ஒரு மணி நேரம் என்று கூட்டினால் ஏறத்தாழ நான்கு முதல் நான்கேகால் மணி நேரம் ஆகிவிடும். இதில் நம் கை மாவில் இருக்கும் நேரம் அரை மணிக்கும் குறைவுதான் என்றாலும், மீதி நேரத்தில் மாவை விட்டு வெகுதூரம் போகவும் முடியாது. சந்தையில் வரிசை நீண்டாலோ, தெரிந்தவர் ஒருவரைப் பார்த்துப் பேச்சு வளர்ந்தாலோ, வீட்டில் மாவு அளவுக்கு மீறி உப்பிப் புளித்துப் போயிருக்கும்.

இதற்கு எளிய வழி, முதல் நாள் இரவே மாவைப் பிசைந்து மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவது. 4 டிகிரி செல்சியஸ் அளவிலான குளிரில் ஈஸ்ட் செத்துவிடுவதில்லை. மிக மெதுவாக வேலை செய்துகொண்டிருக்கும். எட்டு மணி முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை அப்படியே இருந்த மாவில் சுவையும் மணமும் கூடியிருக்கும். சந்தையிலிருந்து வந்ததும் அதை எடுத்து உருட்டி டின்னில் வைத்தால், குளிர்ந்த மாவு என்பதால் இரண்டாம் முறை உப்புவதற்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் கேக்கைக் கலந்து, வேகவைத்து, வெளியே எடுத்துவிடலாம்.

ஓவனில் முதலில் எதை வைப்பது?

கேக்கை முதலில் வையுங்கள். பெரும்பாலான கேக்குகளுக்கு 180 டிகிரியும் பிரெட்டுக்கு 220 டிகிரியும் தேவைப்படும். ஓவனின் சூட்டை 180-லிருந்து 220-க்கு ஏற்றச் சில நிமிடங்கள் போதும், ஆனால் 220-லிருந்து இறங்கி 180-இல் நிலைகொள்ள நெடுநேரம் ஆகும். இறங்கிவிட்டது என்று நினைத்துக் கேக்கை உள்ளே தள்ளினால், இன்னும் அனலாக இருக்கும் சுவர்கள் அதன் மேற்பரப்பைக் கருக்கிவிடும். பிரெட்டும் வெந்தபின் ஓவனை அணைத்துவிட்டு, பழைய பிரெட் துண்டுகள் இருந்தால் உள்ளே ஒரு தட்டில் பரப்பிவிடுங்கள். எஞ்சிய சூட்டிலேயே அவை காய்ந்து, பொடித்து வைக்கத் தக்க பதத்துக்கு வந்துவிடும்.

வீட்டை விட்டுக் கிளம்புமுன் என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

மாவு, சர்க்கரை, டின் ஆகிய மூன்றும் போதுமான அளவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்தது பேக்கிங் பவுடர். திறந்த டப்பா பல மாதங்களாக அலமாரியில் இருந்தால், அரை தேக்கரண்டி எடுத்துக் கொதிக்கும் நீரில் போட்டுப் பார்க்க வேண்டும். உடனே நுரைத்துப் பொங்கினால் நல்லது, சோம்பலாக நாலு குமிழி விட்டு அடங்கினால் புதியது வாங்கும் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பேக்கிங் சோடாவைச் சோதிக்க வெந்நீர் போதாது, சில சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட வேண்டும்.

வெண்ணெய் வீட்டில் இருக்குமானால் கிளம்பும்போதே அதை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிடலாம். கேக்குக்கு வேண்டிய வெண்ணெய் 18 முதல் 20 டிகிரி வரையிலான சூட்டில், விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் ஆனால் பளபளப்பு ஏறாத பதத்தில் இருக்க வேண்டும். வெயில் கடுமையான நாளாக இருந்தால் திரும்பி வந்தபின் எடுத்தாலே போதும். அரை மணியில் இளகிவிடும். உருகத் தொடங்கிய வெண்ணெயை மறுபடி குளிரவைத்தாலும் பழைய நிலைக்கு வராது.

என்ன செய்யப்போகிறோம் என்பதை முடிவு செய்துகொண்டுதான் சந்தைக்குப் போக வேண்டுமா?

பாதி முடிவு போதும் என்பேன். இன்ன பழத்தில் இன்ன கேக் என்று முழுக்க முடிவு கட்டிக்கொண்டு போகிறவர், அந்தப் பழம் அன்று நன்றாக இல்லாவிட்டாலும் அதையே வாங்கி வருவார். எதையும் முடிவு செய்யாமல் போகிறவரோ கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிக் குவித்துவிட்டு, வீட்டுக்கு வந்தபின் எதைச் செய்வது என்று திகைப்பார். ஆகவே அடிப்படைக் கலவையை வீட்டிலேயே உறுதி செய்துகொண்டு, அதில் சேர்க்கும் பழத்தை மட்டும் சந்தையின் பொறுப்பில் விட்டுவிடுவது நல்லது.

அப்படி எதற்கும் இடங்கொடுக்கும் கலவை ஒன்று உண்டு. வெண்ணெய், சர்க்கரை, முட்டை, மைதா ஆகிய நான்கையும் சம எடையில் எடுக்கும் முறை அது. ஓடு நீக்கிய பெரிய முட்டை ஒன்று ஏறத்தாழ 50 கிராம் இருக்கும் என்பதால், நான்கு முட்டைக்கு மற்ற மூன்றும் தலா 200 கிராம். அதனுடன் ஒன்றரை தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தால் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஆழமான வட்ட டின்னுக்குச் சரியாக இருக்கும். 180 டிகிரியில் 45 முதல் 55 நிமிடம் வரை வேக வேண்டும். ஆப்பிளோ, பெர்ரிப் பழங்களோ, துருவிய கேரட்டோ, ஆரஞ்சுத் தோல் துருவலோ எது கிடைத்தாலும் இதில் பொருந்தும். ஈரமுள்ள பழமாக இருந்தால் 160 கிராமுக்கு மேல் போக வேண்டாம். அது மொத்தக் கலவையில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் சேர்த்தால் கேக்கின் நடுப்பகுதி வேகாமல் களியாக நின்றுவிடும்.

பேக்கிங்குக்கான பழங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

சும்மா சாப்பிடுவதற்குத் தேர்ந்தெடுக்கும் கண் வேறு, வேகவைப்பதற்குத் தேர்ந்தெடுக்கும் கண் வேறு. ஆப்பிளில் கெட்டியானதும் புளிப்புள்ளதும்தான் சூட்டைத் தாங்கும். கையில் எடுத்தாலே மாவு போல் இருப்பது ஓவனில் கூழாகிவிடும். வாழைப்பழத்தில் இதற்கு நேர்மாறாக, தோலில் கரும்புள்ளிகள் படர்ந்து, மற்றவர்கள் ஒதுக்கிவிட்டுப் போன சீப்பைத்தான் தேட வேண்டும். பழம் கனியக் கனிய அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறிக்கொண்டே வருவதால் இனிப்பும் மணமும் கூடி, மசிப்பதும் எளிதாகிறது. அத்தகைய பழம் கிடைத்தால் கலவையில் சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். காயாகவே கிடைத்தால், பழுத்த ஆப்பிள் ஒன்றுடன் சேர்த்துக் காகிதப் பையில் மூடிவைத்தால் ஆப்பிள் வெளியிடும் எத்திலீன் வாயுவால் சீக்கிரம் பழுக்கும், ஆனால் அன்றைக்கே உதவாது.

எலுமிச்சையையும் ஆரஞ்சையும் கையில் ஏந்திப் பாருங்கள். அளவுக்கு மீறிய கனம் இருப்பதில்தான் சாறு இருக்கும். தோலைத் துருவிச் சேர்ப்பதாக இருந்தால், பளபளப்புக்காகப் பூசப்படும் மெழுகு போகும்படி வெந்நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். பிழிந்தபின் தோலைத் துருவுவது பெரும்பாடு என்பதால் துருவியபின் பிழிய வேண்டும். மேல் தோலின் நிறமுள்ள பகுதி மட்டுமே வேண்டும். அதன் கீழே உள்ள வெள்ளைப் பகுதி கசக்கும்.

பெர்ரிப் பழங்களை விற்கும் பெட்டியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சாறு கசிந்து கறை படிந்திருந்தால் மேலே அழகாகத் தெரிவதற்கு அடியில் நசுங்கியவை இருக்கின்றன என்று பொருள். அன்றே பயன்படுத்துவதாக இருந்தால் நசுங்கியது குற்றமில்லை. ஆனால் பூஞ்சணம் பிடித்த மென்மையான பழத்தை அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டுப் பயன்படுத்தக் கூடாது, முழுதாக எறிந்துவிட வேண்டும். மற்ற பழங்களையும் கழுவாமலே வைத்திருந்து, கலவையில் போடும் நேரத்தில் கழுவி ஈரத்தை ஒற்றி எடுப்பதே சரி.

முட்டை, வெண்ணெய், பால் ஆகியவற்றை எப்போது வாங்க வேண்டும்?

கடைசியாக. வெண்ணெயும் பாலும் பையில் வெயில் படச் சுற்றிவரும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. கெடக்கூடிய உணவுப் பொருள்கள் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் மொத்தமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொதுவான பாதுகாப்பு விதி. பையை அடுக்கும்போது கேரட்டும் ஆப்பிளும் அடியில், முட்டை மேலே என்பதைச் சொல்லத் தேவையில்லை.

முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது பலருக்குத் தெரிந்த சோதனை. நாள் ஆக ஆக ஓட்டுக்குள் காற்றறை பெரிதாவதால் பழைய முட்டை மிதக்கும். ஆனால் அது முட்டையின் வயதைச் சொல்லுமே தவிர, கிருமி இருக்கிறதா இல்லையா என்று சொல்லாது. எப்படியானாலும் ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துவிட்டுக் கலவையில் சேர்ப்பது, நான்காவது முட்டை கெட்டுப்போய் மொத்தக் கலவையையும் கொட்ட நேரும் துயரத்திலிருந்து காப்பாற்றும்.

மைதாவுக்குப் பதில் முழுக்கோதுமை மாவைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், ஆனால் அளவை அப்படியே மாற்றிவிட்டால் கேக் கனத்துப் போகும். கோதுமை மாவில் தண்ணீர் பட்டுப் பிசைபடும்போது அதன் புரதம் குளுட்டன் என்ற மீள்தன்மையுள்ள வலையாகிறது. கேக்குக்கு அந்த வலை மெல்லியதாக இருக்க வேண்டும் என்பதால் 8 முதல் 10 சதவீதம் வரை புரதமுள்ள மாவும், பிரெட்டுக்கு அது வலுவாக இருக்க வேண்டும் என்பதால் 11 முதல் 13 சதவீதம் வரை உள்ள மாவும் ஏற்றவை. பாக்கெட்டின் பின்புறம் 100 கிராமுக்கு எத்தனை கிராம் புரதம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். முழுக்கோதுமை மாவில் புரதம் இருந்தாலும், அதிலுள்ள தவிடு அந்த வலையை அங்கங்கே அறுத்துவிடுகிறது. தண்ணீரையும் கூடுதலாக இழுத்துக்கொள்கிறது. முதல் முறை பாதிக்குப் பாதி கலந்து, இரண்டு மேசைக்கரண்டி பால் கூடுதலாகச் சேர்த்துப் பார்ப்பது நல்ல தொடக்கம்.

பேக்கிங் பவுடரும் பேக்கிங் சோடாவும் ஒன்றுக்கு மற்றொன்று மாற்றா?

இல்லை. பேக்கிங் சோடா என்பது சோடியம் பைகார்பனேட் மட்டுமே. தயிர், எலுமிச்சைச் சாறு, தேன், வாழைப்பழம் போன்று புளிப்புத்தன்மை உள்ள ஏதேனும் ஒன்று கலவையில் இருந்தால்தான் அது முழுமையாக வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிடும். புளிப்பு இல்லாத கலவையில் போட்டால் கேக் மஞ்சள் பாரித்து, சோப்பு போன்ற வாடையடிக்கும். பேக்கிங் பவுடரில் சோடாவும் அமிலப் பொடியும் சோளமாவு போன்ற ஒரு மாவுப்பொருளும் முன்பே கலந்திருக்கின்றன. இப்போது விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை ஈரம் பட்டவுடன் ஒரு முறையும், ஓவனின் சூடு பட்டவுடன் மறு முறையும் வாயுவை வெளியிடுபவை.

100 கிராம் மாவுக்கு முக்கால் முதல் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அல்லது புளிப்புப் பொருளுடன் கால் தேக்கரண்டி சோடா என்பது பொதுக் கணக்கு. கூடுதலாகப் போட்டால் கூடுதலாக எழும்பும் என்று பலர் நினைக்கிறார்கள். அளவு மீறினால் குமிழிகள் பெருத்து ஒன்றோடொன்று சேர்ந்து உடைய, வேகத்தில் எழும்பிய கேக் அதே வேகத்தில் அமுங்கிவிடும்.

இங்கே ஒரு சிறு செய்தி. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் மருந்து வேதியியலாளராக இருந்த ஆல்ஃபிரட் பேர்ட், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவி பிரெட் சாப்பிட வேண்டும் என்பதற்காக 1843-இல் ஒரு பேக்கிங் பவுடரை உருவாக்கினார். முட்டையும் அவருக்கு ஆகாது என்பதால், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடரையும் அவர் செய்திருந்தார்.

கப் அளவு போதாதா, தராசு அவசியமா?

அவசியம். ஒரே கப்பில் மைதாவை மெதுவாகக் கரண்டியால் நிரப்பினால் 120 கிராம் இருக்கும். கப்பை மாவுக்குள் அமுக்கி அள்ளினால் 150 கிராமைத் தொடும். இந்த வேறுபாடு ஒன்றே மென்மையான கேக்கை வறண்ட கேக்காக்கப் போதும்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் எவ்வளவு நேரம் அடிக்க வேண்டும்?

நேரத்தைவிட நிறத்தைப் பாருங்கள். அடிக்கத் தொடங்கும்போது கலவை அடர்ந்த மஞ்சளாக, ஈர மணல் போல் கிண்ணத்தின் ஓரங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். மின் பீட்டரில் இரண்டு நிமிடத்தில் மஞ்சள் வெளுக்கத் தொடங்கி, நான்கைந்து நிமிடத்தில் ஏறத்தாழ வெள்ளையாகி, பீட்டரைத் தூக்கினால் மென்மையான முனைகளாக நிற்கும். விரலிடுக்கில் தேய்த்தால் சர்க்கரையின் நெறுநெறுப்பு குறைந்திருக்கும், ஆனால் முழுவதும் போயிருக்காது. சர்க்கரைக் கற்களின் கூரான விளிம்புகள் கொழுப்புக்குள் நுண்ணிய காற்றறைகளைத் தோண்டிக்கொண்டே போவதுதான் இந்த நிறமாற்றத்துக்குக் காரணம். பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழிகளை உண்டாக்குவதில்லை. இப்போது நாம் அடைத்துவைக்கும் இந்தக் காற்றறைகளைத்தான் அது ஓவனில் ஊதிப் பெரிதாக்குகிறது. எனவே இந்த ஐந்து நிமிடத்தில் சோம்பினால் பின்னால் எதைச் செய்தும் ஈடுகட்ட முடியாது.

முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொன்றும் கலந்து மறைந்தபின் அடுத்ததைச் சேர்க்க வேண்டும். முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர். அதைக் குளிர்ச்சியாகவோ அவசரமாகவோ கொட்டினால் வெண்ணெய் இறுகி, கலவை திரிந்தது போல் ஆகிவிடும். அப்படி ஆனால் அஞ்ச வேண்டாம், அளந்து வைத்த மாவிலிருந்து ஒரு மேசைக்கரண்டி எடுத்துச் சேர்த்தால் சேர்ந்துகொள்ளும். மாவு முழுவதும் விழுந்தபின் பீட்டரை ஓரங்கட்டிவிட்டு, அகலமான கரண்டியால் கீழிருந்து மேலாக மடித்துக் கலக்க வேண்டும். வெள்ளைக் கோடு மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

பிரெட் மாவுக்கு என்ன அளவு? பிசைந்தது போதும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

500 கிராம் மாவு, 325 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு, 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். மாவை நூறு என்று வைத்தால் தண்ணீர் 65, உப்பு 2, ஈஸ்ட் 1 என்ற இந்த விகிதத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் எவ்வளவு மாவுக்கும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். முதல் நாள் இரவே பிசைந்து ஃப்ரிட்ஜில் வைப்பதானால் ஈஸ்ட்டைப் பாதியாகக் குறைத்துக் குளிர்ந்த நீரில் பிசையலாம். அன்றே செய்வதானால் நீர் வெதுவெதுப்பாக, 35 டிகிரி அளவில் இருக்கட்டும். 60 டிகிரியை எட்டினால் ஈஸ்ட் இறந்துவிடும். கை பொறுக்காத நீர் ஈஸ்ட்டுக்கும் பொறுக்காது என்று வைத்துக்கொள்ளலாம்.

கையால் பிசைய 10 முதல் 12 நிமிடம் ஆகும். முதல் சில நிமிடங்கள் மாவு விரலெல்லாம் ஒட்டும். அப்போது மேலும் மாவைத் தூவிக்கொண்டே போகும் பழக்கம்தான் வீட்டுப் பிரெட் கல்லாவதற்குப் பெரும்பாலும் காரணம். பொறுத்துப் பிசைந்தால் தானாகவே ஒட்டுவது குறையும். எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி எடுத்து, இரு கை விரல்களாலும் மெதுவாக நாற்புறமும் இழுத்து விரியுங்கள். கிழியாமல், பின்னாலிருக்கும் வெளிச்சம் மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெல்லிய ஏடாக விரிந்தால் பிசைந்தது போதும். பாதியிலேயே கரடுமுரடாகக் கிழிந்தால் இன்னும் இரண்டு மூன்று நிமிடம் பிசைய வேண்டும்.

டின்னில் உப்பிய மாவை மாவு தொட்ட விரலால் குத்திப் பார்த்தால், பள்ளம் மெதுவாக, முழுவதும் நிரம்பாமல் மேலெழுந்து வர வேண்டும். உடனே துள்ளி நிமிர்ந்தால் இன்னும் நேரம் வேண்டும். எழாமலே கிடந்தால் நேரம் கடந்துவிட்டது, உடனே ஓவனில் வைத்துவிடுங்கள்.

ஓவன் காட்டும் வெப்பநிலையை நம்பலாமா?

முழுவதும் நம்ப வேண்டாம். வீட்டு ஓவன்கள் குறித்த அளவிலிருந்து கூடுவதும் குறைவதும் இயல்பு. உள்ளே தொங்கவிடும் சிறு வெப்பமானி ஒன்று, ஆசைப்பட்டு வாங்கும் பல கருவிகளைவிட அதிகம் உழைக்கும். தயார் என்று விளக்கு அணைந்தபின்னும் மேலும் பத்து நிமிடம் விட்டால்தான் சுவர்களும் தட்டும் ஒரே சூட்டுக்கு வரும். விசிறி உள்ள ஓவனில் குறிப்பிட்ட அளவிலிருந்து 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். கேக் டின் நடுத்தட்டில் இருக்க வேண்டும்.

வெந்துவிட்டதா என்று அறிய, கேக்கின் நடுவில் பல்குத்தும் குச்சியை இறக்கினால் ஈரக்கலவை ஒட்டாமல் வர வேண்டும்; பழத்தின் மேல் குத்திவிட்டு வேகவில்லை என்று ஏமாறாமல் வேறோர் இடத்திலும் குத்திப் பாருங்கள். பிரெட்டைக் கவிழ்த்து அடியில் தட்டினால் வெற்றொலி கேட்கும் என்பார்கள். உணவு வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 95 டிகிரியை எட்டியிருக்கிறதா என்று பார்ப்பது அதைவிட நம்பகமானது.

கேக் நடுவில் குழிவதும், பழங்கள் அடியில் தங்குவதும் ஏன்?

கேக்கின் உட்பகுதி கெட்டிப்படுவதற்குள் கதவைத் திறப்பது, பேக்கிங் பவுடர் மிகுவது, வேகும் முன்பே எடுப்பது, டின் சிறிதாக இருப்பது ஆகியவை குழிவதற்கான வழக்கமான காரணங்கள். குறித்த நேரத்தில் முக்கால் பங்கு கடக்கும்வரை கதவைத் தொடாதீர்கள். டின்னைப் பொறுத்தவரை, 23 சென்டிமீட்டர் டின்னின் பரப்பு 20 சென்டிமீட்டர் டின்னைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் என்பதை நினைவில் வைத்தால் நேரத்தை ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

பழத்தை மாவில் புரட்டிப் போட்டால் அடியில் இறங்காது என்ற அறிவுரை எங்கும் கிடைக்கும். அதனால் வரும் பயன் சிறிது. கலவை கெட்டியாக இருப்பதும், துண்டுகள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் இருப்பதும்தான் உண்மையில் உதவும். மூன்றில் ஒரு பங்கு கலவையைப் பழமில்லாமல் அடியில் பரப்பிவிட்டு, மீதியில் பழத்தைக் கலந்து மேலே ஊற்றுவதும் பலன் தரும்.

முட்டையோ வெண்ணெயோ இல்லாமல் செய்ய முடியுமா?

ஒரு முட்டைக்குப் பதிலாக 60 கிராம் மசித்த வாழைப்பழமோ, 60 கிராம் தயிரோ, ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி நீரில் பத்து நிமிடம் ஊறவைத்ததோ சேர்க்கலாம். தயிர் சேர்க்கும்போது கால் தேக்கரண்டி சோடா நல்லது. இரண்டு முட்டை வரைக்கும் இது சரிவரும். நான்கு முட்டைக் கேக்கில் எல்லாவற்றையும் மாற்றினால் கிடைப்பது வேறொரு பண்டம், அதற்கென்று எழுதப்பட்ட குறிப்பைத் தேடிக்கொள்வதே மேல். வெண்ணெயில் ஏறத்தாழ 80 சதவீதமே கொழுப்பு என்பதால், 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் எண்ணெய் போதும். எண்ணெயில் செய்த கேக் அடுத்த நாளும் ஈரப்பதத்தோடு இருக்கும், ஆனால் வெண்ணெயின் மணம் வராது.

குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளலாமா?

தாராளமாக. அளப்பது, வாழைப்பழம் மசிப்பது, டின்னுக்கு வெண்ணெய் தடவுவது, பிரெட் மாவை உருட்டுவது ஆகியவை அவர்களுக்கான வேலைகள். பிசைந்த மாவில் ஒரு பங்கைக் கொடுத்துத் தங்கள் விருப்பப்படி உருவம் செய்யச் சொன்னால், அது உப்பி வேகும்வரை ஓவன் கண்ணாடியை விட்டு நகரமாட்டார்கள். ஆனால் கலவைக் கிண்ணத்தை நக்குவதை அனுமதிக்க வேண்டாம். பச்சை முட்டையில் சால்மொனெல்லா இருக்கக்கூடும் என்பது தெரிந்ததே. மைதாவும் வேகவைக்கப்படாத தானியப் பொடி என்பதால் அதிலும் ஈ. கோலை போன்ற கிருமிகள் இருக்கக்கூடும் என்பதைப் பலர் அறிவதில்லை. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் சேர்த்த பண்டம் எதையும், வெந்ததாக இருந்தாலும், கொடுக்கக் கூடாது.

சுடச்சுட வெட்டிச் சாப்பிட்டால் என்ன?

பிஸ்கட்டை ஐந்து நிமிடத்தில் எடுக்கலாம். கேக்கைப் பத்து நிமிடம் டின்னிலேயே விட்டு, பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றி ஆறவிட வேண்டும். டின்னிலேயே முழுவதும் ஆறினால் நீராவி வெளியேற வழியின்றி அடிப்பகுதி நசநசத்துவிடும். பிரெட் மட்டும் ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். உள்ளே மாவுச்சத்து இன்னும் இறுகிக்கொண்டிருக்கும்போது கத்தியை வைத்தால் துண்டுகள் பிசுபிசுத்து ஒட்டும். மணம் வீடெங்கும் நிறைந்திருக்கையில் அந்த ஒரு மணி நேரம் நீளமானதுதான். பாத்திரம் கழுவுவதற்கு ஏற்ற நேரமும் அதுவே.

மிஞ்சியதை எப்படிச் சேமிப்பது?

பிரெட்டை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். மாவுச்சத்து மறுபடி படிகமாவதால்தான் பிரெட் காய்ந்தது போலாகிறது, அந்த மாற்றம் ஃப்ரிட்ஜின் குளிரில்தான் மிக வேகமாக நடக்கிறது. இரண்டு நாளுக்கு வேண்டியதைத் துணியில் சுற்றி வெளியே வைத்துவிட்டு, மீதியைத் துண்டு போட்டு, காற்றுப் புகாத பையில் இட்டு ஃப்ரீசரில் வைக்கலாம். பழமில்லாத வெண்ணெய் கேக் மூடிய டப்பாவில் மூன்று நான்கு நாள் வெளியிலேயே இருக்கும். ஈரமான பழத்துண்டுகள் சேர்ந்த கேக்கை வெப்பமான இடங்களில் மறுநாளே ஃப்ரிட்ஜுக்கு மாற்ற வேண்டும். கிரீம் பூசியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்தாக வேண்டும். பயன்படுத்தாமல் மிஞ்சிய வாழைப்பழத்தைத் தோலுரித்தும், பெர்ரிப் பழங்களைக் கழுவி உலர்த்தித் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பியும் ஃப்ரீசரில் உறையவைத்துப் பிறகு பையில் கொட்டிக்கொள்ளலாம். பையின் மேல் தேதியையும் எடையையும் எழுதிவிடுங்கள். உறைந்த பிரெட் துண்டுகளை இளகவிடாமல் அப்படியே டோஸ்டரில் போடலாம், உறைந்த பெர்ரிப் பழங்களையும் இளகுமுன்பே கலவையில் சேர்த்துவிட்டு, வேகும் நேரத்தில் ஐந்து முதல் பத்து நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும்.